சாக்ஸ் ஈரமாக இருக்கக் கூடாது

ஐயோவா,
1971 பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி,

அம்மா அனுப்பிய பார்சல் வந்திருக்கும். அதிலே ஆறு ஜோடி கம்பளிச் சாக்ஸ் நான் வைத்தது. உங்கள் ஊரில் பனி கிடையாது என்று தெரியும். மழை உண்டே. ஈரச் சாக்ஸோடு இருக்காதே. ராத்திரி கழற்றிக் காயப்போட்டுவிட்டுப் படு.

நவம்பரில் வந்த உன் கார்டுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. தபால் வண்டி வரும் நேரத்துக்கு அம்மா ஜன்னலோரம் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள். கிறிஸ்துமஸுக்கு நீ வராததில் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. வியட்நாமிலிருந்து வந்து இறங்கிய அன்று எடுத்த உன் படம் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் நானே எடுத்துக் காட்டுகிறேன். போன வாரம் உன் மனைவி போனில் அம்மாவிடம் வெகு நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பழைய டிராக்டரை விற்றாயிற்று. நல்ல விலைதான். அது கிடக்கட்டும்.

இன்றைக்கு என்ன தேதி என்று உனக்குத் தெரியும். நான் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தால் அம்மா கூப்பிட மாட்டாள். மாமா வீட்டில் என்னைக் கதை சொல்லச் சொன்னால் நான் எப்போதும் முடிவிலிருந்துதான் தொடங்குவேன்: ஜெர்மனியில் பிட்டர்ஃபெல்டில் நம் 104வது காலாட்படைப் பிரிவுக்காரர்களைப் பார்த்தது, பேன் மருந்துப் பொடியை உடம்பெல்லாம் அடித்தது, பிரான்ஸில் விடுதலையான கைதிகளுக்கான லக்கி ஸ்ட்ரைக் முகாமில் வயிறு சுருங்கிப் போனவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பாடு கொடுத்தது. எல்லோரும் சிரிப்பார்கள். அதற்கு முந்தைய நாட்களை உனக்கும் சொன்னதில்லை.

1945இல் இதே தேதியில்தான் ஜெர்மன்காரர்கள் எங்களைக் கைதிகளாக வைத்திருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 4 முகாமிலிருந்து எங்களைக் கிளப்பினார்கள். கிழக்கே ரஷ்யப் படை நெருங்கிவிட்டது, எங்களை அவர்கள் கையில் விடக் கூடாது என்று மேற்கே ஓட்டினார்கள். விமானப்படை சார்ஜென்ட்கள் ஆயிரக்கணக்கில். மூன்று நாள் நடை என்றார்கள். நான் ஏப்ரல் 26 வரை நடந்தேன். பனியில், பிறகு சேற்றில். சில ராத்திரி வைக்கோல் கொட்டகை, சில ராத்திரி வெறும் தரை. வயலில் தோண்டிய பீட் கிழங்கைப் பச்சையாகத் தின்றோம். பள்ளத்துத் தண்ணீரைக் குடித்துப் பாதிப் பேருக்குச் சீதபேதி. அடுப்புக்கரியைக் கடித்துத் தின்றால் நிற்கும் என்று தின்றோம். சாக்ஸைக் கழற்றிச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு படுத்தால் காலைக்குள் பாதி உலரும். அப்படி உலர்த்தாதவர்களுக்குக் கால் கறுத்தது.

இரண்டிரண்டு பேராகப் போர்வையைச் சேர்த்துப் படுப்போம். என் ஜோடி ஒஹாயோவிலிருந்து வந்த பையன். சாக்ஸை வயிற்றில் வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். மூன்றாவது வாரம் அவனுக்குப் பேதி கண்டது. ராத்திரியில் எழுந்து வெளியே போகக்கூட முடியவில்லை. போர்வை, வைக்கோல், என் கால்சட்டை எல்லாம் நாறியது. இரண்டு ராத்திரி பொறுத்தேன். மூன்றாவது ராத்திரி என் போர்வையை உருவிக்கொண்டு கொட்டகையின் மறு பக்கம் போய் வேறொருவனோடு படுத்துக்கொண்டேன். ஒஹாயோப் பையன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. கால்களை மட்டும் மடக்கிக்கொண்டான்.

காலையில் அவனை நோயாளி வண்டியில் ஏற்றினார்கள். குதிரை இல்லாத வண்டி, நம் ஆட்களே இழுத்தார்கள். இழுக்க ஆள் கேட்டார்கள், தம்பி. நான் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த கயிறைத்தான் அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

அந்த வருஷமே அக்டோபரில் அவன் அம்மா எனக்கு எழுதினார். முகாமிலிருந்து போட்ட கடிதத்தில் அவன் என் பெயரை எழுதியிருந்தானாம். 'என் மகனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், குளிருக்கு ஏதாவது போட்டிருந்தானா' என்று கேட்டிருந்தார். இரண்டு கேள்விதான். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். பிறகு கல்யாணம், பிறகு நீ, பிறகு நிலம். இருபத்தைந்து வருஷமாகிவிட்டது. அந்த அம்மா இன்னும் இருக்கிறாரோ என்னவோ. கடிதம் உன் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் தெரியாது.

நீ எழுதவில்லை என்று மேலே குறைபட்டுக்கொண்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், மை கசியும், விட்டுவிட்டேன். நீ அங்கே எதைப் பார்த்தாய், என்ன செய்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் போன் செய். நானும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதிர்முனையில் பேசாமல் இருந்தாலும் சரி, நான் வைக்க மாட்டேன்.

டவுனில் நல்ல பூட்ஸ் வந்திருக்கிறது, உள்ளே கம்பளி வைத்தது. உன் கால் அளவு இன்னும் பத்துதானா? அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுதிப் போடு. சாக்ஸைக் காயப்போட மறக்காதே.

அப்பா