அனலைசரோடு கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

எரிசக்தித் தணிக்கைக்காக பஞ்சாபின் மண்டி கோபிந்த்கர் போகிறாய், புகையில் உள்ள வாயுக்களை அளக்கும் ஃப்ளூ கேஸ் அனலைசரை உன் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். சொல்ல நிறைய இருந்தது, நீ அவசரத்தில் இருந்தாய். கருவி அறையில் அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடியேதான் அம்மாவின் வேலைக்காலம் போனது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்த ஊரில் ரீரோலிங் மில்கள் அதிகம். பில்லட் என்ற எஃகுக் கட்டையை ஃபர்னஸில் 1,200 டிகிரி பக்கம் சூடேற்றி உருட்டுவார்கள். புகைப்பாதையில் புரோப்பை, அதாவது வாயுவை உறிஞ்சும் குழாயை, விட்டு நீ சொல்லும் ஆக்சிஜன் அளவை வைத்துத்தான் பர்னருக்குக் காற்றைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆக்சிஜன் 3 சதவீதம் என்றால் தேவைக்கு மேல் சுமார் 17 சதவீதக் காற்று போகிறது. 10 சதவீதம் என்றால் 90 சதவீதத்துக்கும் மேல். அத்தனை காற்றையும் சூடாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்ப எரிபொருள் வேண்டும். காற்று கூடினால் பில்லட்டின் மேல் ஆக்சைடுச் செதிலும் கூடும், இரும்பே வீணாகும். அதனால் திரையில் வரும் எண்ணை நம்புவதற்கு முன்னால், அந்த வாயு எந்த வழியாக வந்தது என்று பார்.

எங்கள் அறைக்கு ஒருமுறை இரும்பைச் சூடாக்கி அடித்து வடிவமைக்கும் ஒரு ஃபோர்ஜிங் தொழிற்சாலையிலிருந்து அனலைசர் ஒன்று வந்தது. 'தப்பாகக் காட்டுகிறது' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஆக்சிஜன் 8 காட்டியதாம், பர்னர் காற்றைக் குறைத்தார்களாம். ஆக்சிஜன் லேசாகத்தான் இறங்கியது, கார்பன் மோனாக்சைடு மட்டும் மளமளவென்று ஏறியதாம். ஆக்சிஜன் மிச்சமிருக்கும்போது முழுதாக எரியாத வாயு எப்படி வரும் என்பது அவர்கள் கேள்வி. அளவு தெரிந்த சிலிண்டர் வாயு விட்டுப் பார்த்தோம், கருவி சரியாகவே காட்டியது. அப்புறம் ஃபர்னஸைப் பார்த்தால், கதவோரச் செங்கல் பெயர்ந்து கிடக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் காற்று தீயின் பக்கமே போகாமல் நேராகப் புகைப்பாதைக்கு வந்து புரோப்பில் ஏறியிருக்கிறது. இவர்களோ தீக்குப் போகும் காற்றைக் குறைத்துப் பர்னரைத் திணறடித்திருக்கிறார்கள். ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் இரண்டுமே அதிகமாக இருந்தால் இதை நினைவில் வை. புகைப்பாதையைத் திறந்து மூடும் டேம்பர் தகட்டையும் கதவையும் பார்த்துவிட்டு அப்புறம் பர்னர் வால்வில் கை வை. பர்னரிலேயே எரிபொருளும் காற்றும் சரியாகக் கலக்காவிட்டாலும் இப்படிக் காட்டும், அதையும் பார்.

புகையின் சூட்டில் பர்னர் காற்றைச் சூடேற்றும் ரெக்குபரேட்டர் இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் அளந்து பார். ஆக்சிஜன் முன்னால் 3, பின்னால் 7 என்றால் உள்ளே குழாய் ஓட்டை. ஆனால் முன்னால் அளக்கும்போது சூடு அதிகம். சாதாரண ஸ்டீல் புரோப் அதைத் தாங்காது. உன் புரோப் எத்தனை டிகிரி வரை என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு நுழை.

இனி தினசரி வேலை. பஞ்சாபில் டிசம்பர், ஜனவரியில் குளிர் எலும்பைக் குத்தும். வண்டியில் சில்லென்று கிடந்த கருவியை உடனே ஆன் செய்யாதே. ஷெட்டின் சூட்டுக்குப் பழகட்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படியும். ஜீரோ செய்வது, அதாவது கருவிக்குப் பூஜ்யத்தைக் காட்டிக்கொடுப்பது, வெளியே, நல்ல காற்றில். ஃபர்னஸ் பக்கத்திலேயே நின்று ஜீரோ செய்தால் அங்கிருக்கும் கார்பன் மோனாக்சைடைப் பூஜ்யம் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும், அன்றைக்கு அந்த வாயுவின் எல்லா அளவும் குறைவாக வரும். ஆக்சிஜன் 20.9-ல் நிற்க வேண்டும். சானிடைசர் தடவிய கையோடு பக்கத்தில் போகாதே, ஆல்கஹால் ஆவிக்கும் சில சென்சார்கள் எண் காட்டும்.

அடுத்து கசிவு. புரோப் முனையை ரப்பர் மூடியால் அடை. பம்ப் சத்தம் மாறித் திணற வேண்டும். அடைத்த பிறகும் நிம்மதியாக ஓடினால் ட்யூபிலோ, புகையின் ஈரம் சேரும் பாட்டிலின் வாஷரிலோ காற்று புகுகிறது. பாட்டில் மூடியின் ஓ-ரிங்கை முதலில் பார், பாதி நேரம் அதுதான். எரிபொருள் தேர்விலும் கவனம். பெரும்பாலான கருவிகள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை, ஆக்சிஜனிலிருந்து கணக்குப் போடுகின்றன. இயற்கை எரிவாயுவுக்குக் கார்பன் டை ஆக்சைடின் உச்சம் 12 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, ஃபர்னஸ் ஆயிலுக்கு 15-க்கு மேல். முந்தைய மில்லின் எரிபொருளே திரையில் இருந்தால் உன் அறிக்கையே தப்பு.

தண்ணீர்தான் இந்தக் கருவிக்கு எமன். எரிவாயுப் புகையில் நீராவி அதிகம். பாட்டில் பாதி நிறைந்ததும் கொட்டிவிடு, ட்யூபில் தொங்கும் துளிகளை உதறு. ஃபில்டர் பழுப்பானால் மாற்று. நனைந்தாலும் மாற்று, காயவைத்துப் போடாதே. கந்தக டை ஆக்சைடு நீரில் கரைந்துவிடும், ட்யூபில் தண்ணீர் நின்றால் அந்த அளவு குறைவாகத்தான் வரும்.

கார்பன் மோனாக்சைடு கருவியின் எல்லையைத் தாண்டினால் புரோப்பை வெளியே இழு, பம்ப்பை நல்ல காற்றில் ஓடவிடு. வேலை முடிந்ததும் அப்படித்தான். ஆக்சிஜன் 20.9-க்குத் திரும்பி, கார்பன் மோனாக்சைடு பூஜ்யத்துக்கு வந்த பிறகே ஆஃப் செய். ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் இரண்டு வருஷம் வரும், பெட்டியில் சும்மா கிடந்தாலும் வயதாகும். அதனால் மாற்றிய தேதியைப் பெட்டி மேல் எழுதி ஒட்டு. காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்திலிருந்து வந்ததா என்று கேள்.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்ப்ளிங் துளையைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காதே, உள்ளே அழுத்தம் இருந்தால் சூடு முகத்தில் அடிக்கும். முகக்கவசம், தடித்த கையுறை இல்லாமல் போகாதே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 1,200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 1,200 பங்கு, இருந்தாலே உயிருக்கு ஆபத்து. சட்டையில் மாட்டும் சிறிய அலாரத்தைக் கம்பெனியில் கேட்டு வாங்கு. கொடுக்காவிட்டால் எனக்குச் சொல், நான் வாங்கி அனுப்புகிறேன்.

முதல் மில்லில் எடுத்த அளவுகளை அனுப்பு. எங்கே துளை போட்டிருந்தது, புகையின் சூடு எவ்வளவு, ரெக்குபரேட்டருக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று எல்லாம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா