பொழுதுபடுகிற நேரத்து மணி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அக்காவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்த பிறகுதான் மிச்சத்தை ஆறுதலாக வாசிக்க முடிந்தது. சின்னவனுக்குக் கம்பஸ் கிடைத்ததும் பெரிய சந்தோசம். அவனுடைய மடிக்கணினிக்கு நான் காசு அனுப்புகிறேன். வேண்டாம் என்று மட்டும் எழுதாதே.

சரி, கோயில் மணி விசயத்துக்கு வருகிறேன். மின்சார மணி மேளம் வாங்க நிர்வாக சபை முடிவெடுத்துவிட்டது, நீ ஒருத்தன்தான் எதிர்த்து நிற்கிறாய், "கயிறு இழுக்க ஆளில்லாத ஊரில் என்ன கதை இது" என்று உன் வாயை அடைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு முதல், நான் இங்கே நாள்தோறும் கேட்கிற மணியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை கடிதம் எழுதியும் அதைப் பற்றி ஒருநாளும் எழுதவில்லை.

நான் இருக்கிற எண்ட்லெபூக் பள்ளத்தாக்கு சுவிஸில், லுட்சேர்னுக்கும் பேர்ணுக்கும் நடுவில், ரயில் பாதையோடு ஒட்டி நீண்டு கிடக்கிறது. அடியில் சின்ன எம்மே என்கிற ஆறு. இரண்டு பக்கச் சரிவிலும் புல்தரை, மாட்டுக் கொட்டகை, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வீடுகள். 2001இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆனாலும் சனங்கள் பழையபடி பாலும் பாற்கட்டியுமாகத்தான் சீவிக்கிறார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர். ஊருக்கு ஊர் ஒரு கோபுரம் நிற்கும்.

பொழுதுபடுகிற நேரத்தில் மணி அடிக்கும். கோடையில் பிந்தி, பனிக்காலத்தில் முந்தி. எங்கள் ஊர்க் கோபுரத்தில் பல மணிகள் தொங்கினாலும் மாலையில் ஒன்றுதான் ஆடும். அது தொடங்குகிற விதத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் மணி சும்மா அசையும், சத்தமே வராது. அப்புறம் நாக்கு ஒரு பக்கம் மட்டும் தொடும். ஒரு அடி, ஒரு இடைவெளி, திரும்ப ஒரு அடி. ஐந்தாறு அசைவுக்குப் பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஒரே தாளத்துக்கு வந்துவிடும். முடியும்போதும் அப்படியே. தாளம் தளர்ந்து, ஓய்ந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஒரு அடி தனியாக விழும். அதன் பிறகு சின்ன மணி ஒன்று கொஞ்ச நேரம் அடிக்கும். அது செத்தவர்களுக்காக. அந்த வருடம் யாரைப் புதைத்தார்களோ, அவர்களை வீட்டுக்காரர் அப்போது நினைத்துக்கொள்வார்கள்.

நீ விடிய விடிய நாதஸ்வரம் கேட்டவன், உனக்கு இது விளங்கும். இந்தத் தேசங்களில் வார்க்கிற மணியை அடித்தால் ஒரு சுரம் மட்டும் வருவதில்லை. அடித்த சுரம் ஒன்று, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ரீங்காரம் ஒன்று, மேலே சாதாரண காந்தாரம் என்கிற சுரம் ஒன்று. அந்தக் காந்தாரம் கலப்பதால்தான் மணியோசையில் எப்போதும் ஒரு மெல்லிய சோகம் இருக்கிறது. அடித்த சுரம் சீக்கிரம் மங்கிவிடும். கீழே இருக்கிற ரீங்காரம்தான் கடைசிவரை நிற்கும். ஐந்தில் நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். அந்தக் கலவையும் மணியின் கனமும் வளைவும் சேர்ந்து தருகிற ஓசை அது. ஆராவ் நகரத்தில் 1367 முதல் மணி வார்த்து வருகிறார்கள், இன்றும் நடக்கிறது.

நான் வேலை செய்வது முதியோர் இல்லச் சமையலறையில் என்பது உனக்குத் தெரியும். இரவுச் சாப்பாடு வெள்ளனவே முடிந்துவிடும். சட்டி பானை கழுவி முடிக்கிற நேரத்துக்கும் மணிக்கும் சரியாக இருக்கும். யன்னலோரம் ஒரு பெரியவர் இருப்பார், மலைமேல் பண்ணை வைத்திருந்தவர். இப்போது மகன் வந்தாலே யாரென்று கேட்கிறார். மணி தொடங்கினால் மட்டும் மடியில் கிடக்கிற கை எழும்பும். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். விரல் மூட்டெல்லாம் வளைந்து, பால் கறந்து கறந்து தடித்த கை. உதடு அசையும். மணி ஓய்ந்ததும் கை மடிக்குத் திரும்பிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி அந்த நேரத்தில் அவருக்கு மருந்து கொடுக்கப் போனாள். தாதி ஒருத்தி அவளுடைய தோளைத் தொட்டு, "மணி முடியட்டும்" என்றாள். அந்த இல்லத்தில் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. மணிக்காக மட்டும் அட்டவணை கொஞ்சம் பொறுக்கும்.

இந்த வழக்கத்துக்கு வயது எழுநூறு. அந்தி மணியைக் கேட்டு மரியாளை நினைத்துச் செபிக்கிறவர்களுக்குப் பாப்பரசர் 22ஆம் யோவான் 1318இல், பாவத்துக்கான தண்டனை குறையும் என்று பலன் அறிவித்தார். காலை மணி, மதிய மணி எல்லாம் அதற்குப் பிறகு சேர்ந்தவை. மூன்றிலும் மூத்தது மாலைதான். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. எழும்பச் சொல்ல எத்தனையோ சத்தம் இருக்கிறது. வேலையை நிறுத்து, இன்றைக்குப் போதும் என்று சொல்கிற சத்தம் உலகத்தில் மிகக் குறைவு. இங்கே வந்த புதிதில் நான் இரண்டு வேலை பார்த்தேன். பொழுது விடிந்ததும் தெரியாது, பட்டதும் தெரியாது. இந்தப் பள்ளத்தாக்குக்கு மாறி வந்த பிறகுதான் எனக்கு மாலை என்று ஒன்று திரும்பக் கிடைத்தது. நான் சைவன், அந்தச் செபத்தில் ஒரு வரியும் எனக்குப் பாடமில்லை. அந்த மணி அதைக் கேட்டதும் இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசலில் நிற்பேன், அவ்வளவுதான்.

மணி எட்டாத இடத்துக்கும் இவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோடையில் மாடுகளை மலை உச்சிப் புல்வெளிக்குக் கொண்டுபோவார்கள் அல்லவா, அங்கே கோபுரம் ஏது? ஊரி, ஒப்வால்டன் பக்கத்து மலைகளில் பொழுதுபடும்போது இடையன் ஒரு மேட்டில் ஏறி, பால் வடிக்கிற மரப் புனலை வாயில் வைத்து ஆசீர்வாதத்தை ராகமாக இழுத்துக் கூப்பிடுவான். அந்தக் குரல் எட்டுகிற தூரம் வரைக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் இரவில் தீங்கு வராது என்பது நம்பிக்கை. ஒருமுறை அதைக் கேட்டேன் மச்சான். எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நம்முடைய பண்டாரம் ஐயா தேவாரம் படிக்கும்போது கடைசி அடியை இழுத்து விடுவாரே, அது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துவிட்டது.

இங்கேயும் மணியோடு சண்டை இல்லாமல் இல்லை. சூரிச் ஏரிக்கரையில் வேடன்ஸ்வில் என்ற ஊரில், இரவில் கால்மணிக்கு ஒருதரம் அடிப்பது நித்திரையைக் கெடுக்கிறது என்று ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 டிசம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மணிக்குச் சாதகமாக முடிந்தது. எனக்கு அந்தத் தம்பதிமேலும் கோபம் இல்லை. நடுச்சாமத்தில் நேரம் சொல்வது வேறு, அந்தியில் ஊரைக் கூப்பிடுவது வேறு. பிந்தியதை யாரும் நிறுத்தச் சொன்னதாக இந்தப் பள்ளத்தாக்கில் நான் கேள்விப்படவில்லை.

இனி உன் நிர்வாக சபைக்கு வருகிறேன். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: எங்கள் ஊர் மணியையும் மோட்டார்தான் ஆட்டுகிறது. கயிறு இழுத்த காலம் இங்கேயும் போய்விட்டது. ஆகவே மோட்டார் கூடாது என்று நீ வாதாடினால் தோற்றுப்போவாய். ஆனால் இங்கே மோட்டார் ஆட்டுவது அதே பழைய வெண்கலத்தை. வாங்கப்போகிற பெட்டி அப்படி இல்லை. தட்டும் மேளமும் சின்ன மணியும் சேர்ந்து ஒரே வேகத்தில் இடிக்கும். ஒரு அடியின் ரீங்காரம் அடங்குவதற்குள் பத்து அடி விழும். சின்ன மண்டபத்துக்குள் அது போடுகிற சத்தத்தில் ஐயர் சொல்கிற மந்திரமே கேட்காது. பெரிய மணியோ, ஒரு அடி விழுந்து அது கரையும்வரைக்கும் இடம் விடுகிறது. கேட்கிறவன் மூச்சு விடுவது அந்த இடத்தில்தான்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்தை நினைத்துப் பார். குப்பி விளக்குக் கொளுத்துகிற நேரத்தில் நம்முடைய பிள்ளையார் கோயில் மணியும் வேதக்காரர் கோயில் மணியும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்கும். குண்டு விழுந்த நாளிலும் கேட்டது. மணி கேட்டால் அம்மா, "சரி, இன்றைக்கு இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு விளக்கைத் தூண்டுவார். நம்முடைய கோயிலின் அந்தப் பெரிய மணி இன்னும் மணிக்கூட்டுக் கோபுரத்தில்தான் தொங்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

என் யோசனை இதுதான். பெட்டியை வாங்கட்டும், திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளட்டும். அதோடு மல்லுக்கட்டாதே. சாயரட்சைக்கு, அந்த அந்திப் பூசைக்கு மட்டும் பெரிய மணியை விட்டுவிடச் சொல். ஆளில்லை என்றால், பின்னேர வகுப்பு முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு முறை போட்டுக் கொடு. நாம் அந்தக் கயிற்றில் தொங்குவதற்குச் சண்டை பிடித்தவர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளும் பிடிப்பார்கள், கயிற்றைக் கையில் கொடுத்தால் போதும்.

அதற்கு முதல் மேலே ஏறி மணியைப் பார். நாக்கு அடிக்கிற இரண்டு இடத்தையும் விரலால் தடவு. பள்ளம் தெரிந்தால் மணியைக் கொஞ்சம் திருப்பி மாட்ட வேண்டும், இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். வெடிப்பு இருந்தால் அடிக்க விடாதே. வாய் அகலத்தை அளந்து, படமும் எடுத்து அனுப்பு. கயிறு, பெயாரிங், மேசன் கூலி எல்லாம் என் பொறுப்பு. சபையில் என் பெயரைச் சொல்ல வேண்டாம். அக்காவுக்கு ஒருமாதம் அடுப்படிப் பக்கம் போகவேண்டாம் என்று சொல், புகை கண்ணுக்கு ஆகாது.

அன்புடன்,
உன் கூட்டாளி