காவாலத்துக்காரரின் பாட்டு

அன்புள்ள ராஜாங்கம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, இதிலெல்லாம் நீ எவ்வளவு சோம்பேறி என்று எனக்குத் தெரியும். இங்கே நாகர்கோவிலில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

அந்த முழங்காலோடுதான் ஆலப்புழையில் மகள் வீட்டுக்குப் போய்வந்தேன். ஒருநாள் காலையில் அவளிடம் சொல்லாமல் அரசுப் படகில் ஏறிக் காவாலத்தில் போய் இறங்கினேன். மலையாளத்தில் நாடகமும் பாட்டும் எழுதிய காவாலம் நாராயண பணிக்கரின் ஊர். ஒருத்தர் உட்கார்ந்து எழுதினால் அது எப்படி நாட்டுப்பாட்டு ஆகும் என்று நீ கேட்டாய் அல்லவா, அந்தக் கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

காவாலம் இருக்கும் குட்டநாட்டில் தண்ணீர் மேலே நிற்கும், வயல் கீழே கிடக்கும். படகில் இருந்தபடி கரைக்கு அப்பால் நெல்லைக் குனிந்து பார்க்க வேண்டும். கடல் மட்டத்துக்கும் கீழே விவசாயம். மோட்டார் வருவதற்கு முன்னால் மரச் சக்கரத்தின் இலைகளைக் காலால் மிதித்து மிதித்தே வயல் தண்ணீரை ஆற்றில் தள்ளினார்கள். பாட்டு நின்றால் கால் தடுமாறும். அதற்குச் சக்கரப்பாட்டு, நடவுக்கு ஒன்று, வள்ளம் துழாவ ஒன்று. இந்தச் சத்தத்துக்குள்தான் 1928இல் பணிக்கர் பிறந்தார். மிதித்தவர்கள் புலையர்கள். இவரோ வசதியான நாயர் குடும்பம். கரையில் நின்று கேட்டவர்தான், அதை நாம் மறைக்க வேண்டாம்.

ஆனால் நன்றாகக் கேட்டிருக்கிறார். ஆலப்புழையில் சில வருஷம் வக்கீல் தொழில் பார்த்தார். 1961இல் கேரள சங்கீத நாடக அகாடமிக்குச் செயலாளராகித் திருச்சூர் போனார். அப்புறம் திருவனந்தபுரம். 1975இல் இவர் எழுதிய ‘அவனவன் கடம்ப’. சினிமா இயக்குநர் அரவிந்தன் இயக்கி, மரங்களுக்கு நடுவே ஆடிய நாடகம். அதில் ஒருவன் பெயர் வடிவேலன்! மலையாள நடிகர்கள் நெடுமுடி வேணுவும் பரத் கோபியும் இவர் குழுவில் வளர்ந்தவர்கள். பழங்கால நாடகாசிரியர் பாஸனின் சமஸ்கிருத நாடகங்களை மேடையேற்றியதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பணிக்கர். 2007இல் பத்மபூஷண் வந்தது. எனக்கென்னவோ அந்தப் பணிக்கரைவிட பாட்டு எழுதிய ‘தக தக தா’ பணிக்கரைத்தான் பிடிக்கும்.

‘அதிரு காக்கும் மல’ என்று 1987இல் ஒரு படத்துக்கு எழுதினார். எல்லையைக் காக்கும் மலை சிவக்கிறது, கிழக்கே சூரியன் பிறக்கிறது. விடியலைப் பிரசவமாகப் பார்க்கும் பாட்டு. ‘ஈற்றில்லம்’ என்கிறார், பிள்ளை பெறும் அறை. ‘பேற்றுநோவு’ என்கிறார். நமக்கு அகராதியே வேண்டாம், பார்த்தாயா? மாடு கன்று ஈனுவது, பேறுகாலம், நோவு எல்லாம் உன் அம்மா வாயில் கேட்ட வார்த்தைகள்தானே. அடிக்கு அடி நடுவில் ‘தக தக தா’ என்று வாய்த்தாரி, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொல், வந்து விழுகிறது. அர்த்தம் எதுவும் இல்லை, கால் வைக்க ஒரு இடம், அவ்வளவுதான். சக்கரம் மிதிக்கிறவனுக்கு அதுதானே வேண்டும்.

திரும்பும் படகில் ஒரு கல்லூரிப் பையன் பலகையில் தாளம் தட்டிக்கொண்டு அந்த ‘அதிரு காக்கும் மல’ பாட்டையே முனகினான். “இது யார் எழுதியது, தம்பி?” என்றேன். “இதா, பழைய நாடன் பாட்டு. யார் எழுதுவார்கள்?” என்றான். இப்போதுதான் அவர் ஊரைத் தாண்டி வந்தோம், 2016இல் இறந்தபோது இங்கே கொண்டுவந்துதான் எரித்தார்கள் என்று நானும் விடாமல் சொன்னேன். “அப்படியா” என்றான். தட்டுவதை நிறுத்தவில்லை.

உன் கேள்விக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. வேண்டுமானால் நேரில் சண்டை போடு.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு வேலை சொல்கிறேன். நடவு வயலில் உன் அம்மா பாடுவார்களே, இரண்டாவது அடியில் ஏலேலோ வரும் பாட்டு, அது உன் அக்காவுக்கு நினைவிருக்கும். கட்டு அவிழ்த்ததும் போய்ப் பாடச் சொல்லிப் போனில் பிடித்து அனுப்பு. பாதிதான் வருகிறது என்றாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மாணிக்கம்