அன்பும் பொறுமையும் எங்கள் வீட்டிலும் இருந்தன

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மறதி நோய்க் கட்டுரையில் ‘இந்த நோய்க்கு அன்பும் பொறுமையுமே மருந்து’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அவை இரண்டும் எங்கள் வீட்டில் தாராளமாகவே இருந்தன ஐயா, படுக்கைப் புண் மட்டும் அதற்குக் கேட்கவில்லை.

என் மாமியாரை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். கடைசி இரண்டு வருடம் பேச்சே கிடையாது. திருப்பிப் படுக்க வைத்தால் கத்துவார், கையைத் தட்டிவிடுவார். நோய் முற்றினால் அப்படித்தான் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதித் தந்தார்கள், நாங்களும் கொடுத்தோம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் பெண்தான் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு வலிக்குதுக்கா” என்றாள். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்குப் புருவச் சுளிப்பு, முனகல், மூச்சு வாங்குவது, தொட்டால் விறைப்பது, இதையெல்லாம் வைத்துத்தான் வலியைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். டாக்டரைக் கேட்டு வேளை தவறாமல் பாராசிட்டமால் கொடுத்ததில் ஒரே வாரத்தில் கத்தல் பாதியாகக் குறைந்தது. வெறும் பாராசிட்டமால்!

அதற்கு முன்பே ஒரு தனியார் மருத்துவமனையில் மூக்கில் டியூப் போட்டு, அத்தை பிடுங்கிவிடுகிறார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். “அம்மா இளைச்சிட்டாங்களே, டியூப் போடலையா?” என்று அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் கேட்ட நாத்தனாருக்காகத்தான் சம்மதித்தோம். முற்றிய நிலையில் டியூப் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுங்கள் என்று அவர் நாட்டு முதியோர் மருத்துவச் சங்கமே சொல்லியிருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

நீங்களோ செப்டம்பர் 21, உலக மறதி நோய் தினம் வந்தால் சுருங்கிய கையை இளம் கை பிடித்திருக்கும் அதே படம், வல்லாரைக் கீரை, குறுக்கெழுத்துப் போட்டி. குறுக்கெழுத்துப் போடுகிற நிலை தாண்டியவர்களுக்கு ஒரு வரி கூடக் கிடையாதா? 2021-ல் அந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியபோது வீட்டுக்கே வந்து தரும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அது புற்றுநோய்க்கு மட்டும்தான் என்றே எங்கள் தெருவில் இன்னும் நினைக்கிறார்கள்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மறதி நோயில் படுத்துவிட்டவர்களுக்கும் இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள், ராசிபலனுக்குக் கீழே ஒரு மூலை போதும். அப்புறம், அத்தைக்கு வாங்கிய காற்றுப் படுக்கை மோட்டாரோடு நல்ல நிலையில் இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லி அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்