பக்கத்து வீட்டு மாமியின் வலது காலுக்கு

அன்புள்ள அயலவர்களுக்கும் உறவுகளுக்கும்,

நேற்றுப் பின்னேரம் எங்கள் மொறிஸ் மைனர் கார் படலையைத் தாண்டி, ஒழுங்கை முடியுமட்டும் போய், கோயிலடியில் திரும்பி வீட்டுக்கு வந்தது. வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஓடவைப்பது அவ்வளவு பெரிய காரியமாக இருக்கவில்லை. நிறுத்துவதுதான் பாடாய்ப் போயிற்று. எத்தனை தரம் கழுவினாலும் நகத்துக்குள் இன்னும் கிறீஸ் இருக்கிறது. அந்தக் கையோடேயே இதை எழுதுகிறேன். ஆறுதலாக எழுதலாம் என்று விட்டால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டு முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. எல்லார் வளவுக்குள்ளும் நின்றது அதே தண்ணீர்தான். சுவர் விழுந்தவர்கள், ஆடு மாடு பறிகொடுத்தவர்கள் இருக்கிற ஊரில் ஒரு பழைய காருக்காக மடல் எழுதுவது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனால் அப்பாவை மாதாமாதம் கிளினிக்குக் கொண்டுபோவது அந்தக் கார்தான். ஓட்டோவில் ஏறி இறங்க அவருடைய முழங்கால் இடம் கொடாது. காரில் கை வைத்த ஒவ்வொருவரும் அப்பாவுக்குத்தான் உதவினீர்கள்.

முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அந்த இரவு கும்மிருட்டில் காரைத் தள்ளி மேட்டில் ஏற்றப் பார்த்த பெடியளே, அதற்குள் தண்ணீர் காரின் தரைத்தகட்டுக்கு மேலே வந்துவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள். தண்ணீர் வற்றிய காலையில் "செல்ஃப் அடிக்காதேங்கோ" என்று தொலைபேசியில் கத்திய சுன்னாகத்து அண்ணை, நீங்கள் சொன்னபடியே நான்கு பிளக்கையும் கழற்றி, முன்னால் கைப்பிடியைக் கொழுவி மெதுவாகச் சுற்றினேன். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் கொனெக்ரிங் றொட் வளைந்துபோகும் என்றீர்கள். ஒரு சொட்டும் வரவில்லை. உங்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. கியர்பொக்ஸ், பின் அக்சில் இரண்டிலும் தண்ணீர் கலந்து வெள்ளையாகிப் போன ஒயிலை ஊற்றியெடுக்கத் தகரம் தந்தவர்கள், ஜக் தந்தவர்கள், துருப் பிடித்து இறுகிப்போன பிறேக் பிஸ்ரன்களைக் கிறீஸ் பம்பால் அழுத்தி வெளியே தள்ளிவிட்டுக் காசு வேண்டாம் என்ற லேத் கடைக்காரர், கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கி பிறேக் றப்பர்கள் முழுவதையும் வாங்கி இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்ட சித்தப்பா மகன். எல்லாருக்கும் நன்றி.

இளைப்பாறிய வாடகைக்கார் ஐயாவுக்குத் தனியாக ஒரு வரி. பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்காமல் ஊமையாகக் கிடந்தபோது, கழற்ற வேண்டாம் என்று சொல்லி, ஸ்பனர் பிடியால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அடிக்கத் தொடங்கிவிட்டது. எஸ்.யூ. என்கிற அந்த மின்சாரப் பம்புக்குள் கரண்டைத் தொட்டுத் தொட்டு விடுகிற பொயின்ற் ஒட்டிக்கொண்டால் அப்படித்தானாம். அப்புறம் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, யுத்தத்தால் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடின கதையை அப்பாவோடு கதைத்தார். ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல், சூடான பிறகு மண்ணெண்ணெய், பின்னால் ஒழுங்கை முழுக்கப் புகை. அந்தத் தொண்ணூறுகளில்தான், இங்கிலாந்தில் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தின் சார்ள்ஸ் வெயர், அங்குள்ள மைனர்களுக்குத் தகட்டுப் பாகங்களை இதே இலங்கையில் செய்வித்துக்கொண்டிருந்தார். இங்கே அப்பா ஒரு றப்பர் வளையத்துக்காகச் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்தார். தூரம் எப்போதும் மைலில் அளக்கிற சாமான் இல்லை என்று ஐயா சொல்லிச் சிரித்தார்.

சரி, இனி மாமி.

பழைய மைனரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று. வெள்ளத்துக்குப் பிறகு ஆறையும் கழற்றிக் கழுவி, றப்பர் மாற்றி, பூட்டியாயிற்று. பெடலை மிதிக்க எல்லாச் சில்லுக்கும் பிறேக் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை இந்தக் காரைச் செய்தவர்கள் சாரதியின் காலுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் கை எட்டுகிற இடத்தில் வைத்த கெட்டித்தனமான மனிதர்கள் இதில் மட்டும் யார்மேல் கோபமாக இருந்தார்களோ தெரியாது. அதையும் பூட்டியாயிற்று. கடைசி வேலை பிறேக் குழாய்களுக்குள் இருக்கிற காற்றை எடுப்பது. அது தனி ஆளால் நடக்காது. ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் சில்லுக்குப் பின்னால் படுத்திருந்து, காற்று வெளியேறுகிற சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து பூட்ட வேண்டும். தம்பி கனடா போகுமுன் அவன் மிதிப்பான், கைபேசியைப் பார்த்துக்கொண்டே. அப்பாவின் காலில் இப்போது அந்த வலு இல்லை. உதவிக்கு வந்த பெடியள் எல்லாரும் அன்று வாய்க்கால் வெட்டப் போயிருந்தார்கள்.

காருக்குக் கீழே படுத்திருந்தபடி யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"பிள்ளை, காத்து எடுக்கிறியோ? மிதிக்க ஆள் இல்லையோ?"

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. சைக்கிள்கூட ஓடினதில்லை. அவருடைய மெத்தையும் நெல்லு மூட்டையும் அவர்கள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன, நாற்றம் இங்குவரை வந்தது. காற்று எடுக்கிறது என்றால் என்னவென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கொம்மாதானே மிதிக்கிறவ. எத்தினை தரம் பாத்திருக்கிறன். நில், வாறன்."

வேலி இருந்த காலமென்றால் பொட்டுக்குள்ளால் வந்திருப்பார். இப்போது மதில். ஒழுங்கையைச் சுற்றி, சேற்றை மிதித்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றி, சேலையைச் சொருகிக்கொண்டு சாரதி இருக்கையில் ஏறினார். மூன்று பெடலையும் பார்த்து "எது?" என்றார். நடுவில் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது.

மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்தில் இருக்கிற இடது பின் சில்லில்தான் தொடங்க வேண்டும். நிப்பிளில் ஒரு றப்பர் குழாய், குழாயின் மறுமுனை போத்தலுக்குள், போத்தலில் கொஞ்சம் பிறேக் ஒயில். அவர் மிதிக்க நான் திறப்பேன், குமிழ் குமிழாய் வரும். பெடல் அடியில் கிடக்கும்போதே நான் பூட்டிவிட வேண்டும். அதற்கு முன் அவர் காலை எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே வந்துவிடும். இதில்தான் தம்பியும் நானும் எப்போதும் சண்டை பிடிப்போம். மாமி தானாகவே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார். கால் தரையில் முட்டினதும் "கிடக்கு" என்பார். நான் பூட்டிவிட்டு "எடுங்கோ" என்று சொல்லும்வரை அந்தக் கால் அசையாது. கிடக்கு, எடுங்கோ, கிடக்கு, எடுங்கோ. விறாந்தையில் இருந்து அப்பா "கெதியா, கெதியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்கள் சும்மா இருங்கோ" என்று மாமி காருக்குள் இருந்தே அவரை அடக்கினார். அதுவும் அம்மாவின் வேலைதான்.

இடையிடையே மாஸ்டர் சிலிண்டரை நிரப்பவும் வேண்டும். அதன் மூடி தரையில் ஒரு துளைக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு தரமும் மாமி இரண்டு காலையும் பக்கத்து இருக்கைப் பக்கம் தூக்கி வைப்பார், நான் குனிந்து ஊற்றுவேன். கொஞ்ச நேரத்தில் ரோர்ச்சை வாங்கித் தானே அந்தத் துளைக்குள் பார்க்கத் தொடங்கினார். "குறையுது பிள்ளை" என்று எனக்கு முன்னமே அவர் சொல்வார். கதவோரம் நாலு சொட்டுச் சிந்தினபோது, பிறேக் ஒயில் பெயின்ரைத் தின்றுவிடும் என்று நான் சொல்லி முடிக்குமுன் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அதுவும் மதிலுக்கு மேலால் கற்றதுதானாம். அம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் இரகசியம் ஒன்றும் இருந்திருக்காது என்று இப்போது விளங்குகிறது.

முதலில் மண்ணிறமாக வந்தது. அப்புறம் தெளிந்தது. வலது பின் சில்லு, இடது முன் சில்லு, கடைசியில் வலது முன். பொழுது பட்டுவிட்டது, நுளம்பு பிடுங்கத் தொடங்கிவிட்டது. அவருடைய முழங்காலை யோசித்து, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் மாமி என்றேன். பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "பிள்ளை, இப்ப கால் கீழ போகேல்லை" என்றார். திரும்பவும் மிதிக்கச் சொன்னேன். "முன்னம் கஞ்சிப் பானைக்குள்ள கால் வைச்ச மாதிரி இருந்தது. இப்ப வாசல்படியில வைச்ச மாதிரிக் கிடக்கு."

நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. சில்லுக்குப் பக்கத்தில் சேற்றில் இருந்தபடியே அழுதுவிட்டேன், ஒரு பிறேக் பெடலுக்காக. வெள்ளம் வந்த நாள் முதல் அதுவரைக்கும் நான் அழவில்லை. மாமி இறங்கி வந்து, என்ன ஏது என்று ஒன்றும் கேளாமல், "கை கழுவு, புட்டு அவிக்கப் போறன், கொப்பருக்கும் சேத்து அனுப்பிவிடுறன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அம்மா அந்த இருக்கையில் இருந்து மிதித்ததை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் மணக்கிற அதே காரில், மடியில் தம்பியையும் வைத்துக்கொண்டு மிதிப்பார். அது ஒரு வேலை என்றே எனக்கு அப்போது தெரியாது. அப்பா கார் திருத்துகிறார் என்றுதான் ஊரும் சொல்லும், நாங்களும் சொல்வோம். அம்மாவுக்கு அதற்காக ஒருவரும் நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அதைக் கவனித்துக்கொண்டிருந்தது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மனுசி மட்டும்தான். அவரும் இத்தனை வருடம் அதைச் சொல்லவில்லை, சொல்ல ஒரு தேவையும் வரவில்லை.

பிறேக் ஒயில் தானாகவே ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். வெள்ளம் வராவிட்டாலும் இனி இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுவதாகத் தீர்மானித்திருக்கிறேன். முன் சஸ்பென்சனில் கிறீஸ் அடிக்கிற நிப்பிள்களுக்கு, உள்ளே போன சேற்றுத் தண்ணீர் முழுக்க வெளியே வந்து சுத்தக் கிறீஸ் எட்டிப் பார்க்குமட்டும் இந்தக் கிழமைக்குள் அடித்து முடிப்பேன். அங்கே முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியன் என்கிற மூட்டில் மரை தேய்ந்து கழன்றால் ஓடுகிற காரின் முன் சில்லு மடிந்துவிடும். வெள்ளத்தில் நின்ற மைனர் வைத்திருக்கிற மற்றவர்களும் இதைத் தள்ளிப்போடாதேங்கோ.

இன்னொன்று. இங்கே சுற்றுவட்டாரத்தில் யாருடைய வீட்டிலாவது காற்று எடுக்க ஆள் இல்லாமல் கார் நிற்குமென்றால் சொல்லி அனுப்புங்கள். காசு கதைக்கத் தேவையில்லை, ஸ்பனர் நான் கொண்டுவருவேன். மிதிக்க மாமியும் வருவாராம், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் ஏழு மணிக்கு முன் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், அவருக்கு நாடகம் தொடங்கிவிடும்.