2520-க்குப் பஞ்சாங்கம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 2520 பற்றி ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத ஒரே எண் அதுதானாம். வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், வருஷத்துக்கு 12 மாதம், மூன்றையும் பெருக்கினால் 2520 வருவதுதான் ரகசியமாம். கண்டுபிடித்தவர் ராமானுஜனாம். வாட்ஸ்அப்பில் சுற்றித் தேய்ந்த சரக்கு! ஆனால் பேப்பரிலேயே வந்துவிட்டது என்று எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தமிழ்வழிப் பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு டியூஷனுக்கு வந்துவிட்டார்கள்.

'ஒரே எண்' என்பது தப்பு. 5040, 7560 என்று 2520-இன் மடங்குகள் எல்லாமே அப்படி வகுபடும். அவற்றில் சிறியது 2520, அவ்வளவுதான். 8-ஆல் வகுபட வேண்டும், 9-ஆல் வகுபட வேண்டும், 5, 7 இரண்டாலும் வகுபட வேண்டும். 8 × 9 × 5 × 7 போட்டுப் பாருங்கள், 2520. மற்ற எண்கள் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 10 தனிச்செலவில்லாமல் வருகிறது. மீச்சிறு பொது மடங்கு படித்த பிள்ளைக்கு இது ஒரு வரிக் கணக்கு. இதில் நாள்காட்டிக்கு என்ன வேலை? அதுவும் ஆனி 32 நாள் வரை போகும், மார்கழி சில வருஷம் 29-இல் முடியும்.

துணுக்கைப் படித்த பிள்ளைகளுக்கு நான் கொடுத்த கணக்கு இது. ஒரு தேங்காய்க் குவியலை இரண்டிரண்டாக எண்ணினால் ஒன்று மிச்சம், மும்மூன்றாக எண்ணினால் இரண்டு மிச்சம், நான்கு நான்காக என்றால் மூன்று. இப்படியே பத்துப் பத்தாக எண்ணும்போது ஒன்பது மிச்சம். குறைந்தது எத்தனை காய்? எல்லோரும் பக்கம் பக்கமாக வகுத்துக்கொண்டிருக்க, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், ஒரு காய் கடன் வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே" என்றாள். 2519. பேனாவையே அவள் திறக்கவில்லை.

ராமானுஜன் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் சொல்ல விஷயம் இருக்கிறது. 1915-இல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ள எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். 2520-க்கு 48 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. அவர் போட்ட பட்டியலில் அதுவும் ஒரு வரி. (29,331 கோடியைத் தாண்டிய ஓர் எண் அந்தப் பட்டியலில் விடுபட்டுப் போனது. அவருக்கே!) இந்த வகை எண்களில் 2520-க்கு மேலே வருகிற ஒவ்வொன்றும் 2520-ஆல் வகுபடும். தனக்கு மேல் உள்ள அத்தனை பேரையும் இப்படி வகுக்கிறவை, 1-ஐ விட்டால், ஆறே ஆறு: 2, 6, 12, 60, 360, 2520. அதோடு சரி, ஏழாவது கிடையாது. அதிசயம் என்று போடுவதானால் இதைப் போட்டிருக்கலாம்.

அடுத்த இணைப்பில் ஒரு மூலையிலாவது திருத்தம் வெளியிடுங்கள். பரீட்சையில் காரணம் கேட்டு, இவர்கள் 7 × 30 × 12 என்று எழுதி வைத்தால் மார்க் போய்விடும்.

இப்படிக்கு,
கணக்கு டியூஷன் எடுக்கும் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.