ஒரே பிளேடு, இரண்டு விலை: நுகர்வோர் ஆணையத்துக்கு மன்னார்குடிக் கடைக்காரி ஒருத்தியின் மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் சிறிய பேன்சி ஸ்டோர் ஒன்றை நடத்துகிறேன். வளையல், ரிப்பன், பவுடர், ஷாம்பு என்று வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நீடாமங்கலம், கோட்டூர் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். குறுவை நடவு நேரத்தில் கூலி வாங்கிய கையோடு வருவார்கள். விலையைக் கேட்டுவிட்டுத்தான் பொருளைத் தொடுவார்கள். அவர்களிடம் நான் வாங்கிப் போடும் காசில் ஒரு பகுதி, அவர்கள் பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கப்படுகிறது.

கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு கவர்களைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ரேசர். நீலக் கைப்பிடி கவரில் ஐந்து இருக்கும், விலை 100 ரூபாய். இளஞ்சிவப்புக் கவரில் மூன்று, விலை 99. மேலோட்டமாகப் பார்த்தால் பெண்களுடையது ஒரு ரூபாய் மலிவு. வகுத்துப் பார்த்தால் ஆணுக்கு ஒன்று 20 ரூபாய், பெண்ணுக்கு 33. இரண்டிலும் அதே இரட்டை பிளேடு. சரக்கு கொண்டுவரும் தம்பியிடம் கேட்டேன். “அது லேடீஸ் ரகம் அக்கா” என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது, பாவம். அச்சடித்த விலையைக் குறைத்து விற்கலாம்தான். அது என் கைக்காசிலிருந்து போகும், நிறுவனத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

எல்லா வித்தியாசமும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. வேட்டியைவிடப் புடவைக்கு இஸ்திரிக் கூலி அதிகமென்றால் நீளமும் மடிப்பும் காரணம். லைனிங் வைத்த ரவிக்கையும் சட்டையும் ஒன்றுதானே என்று தையற்காரரிடம் கேட்டால் கத்தரிக்கோலோடு எழுந்து வருவார். ஆண்களுக்கென்று கறுப்பு டியூபில் வரும் முகக் கிரீம் சிலவும் விலை கூடுதல்தான், அதையும் கேளுங்கள். நான் கேட்பது, நிறத்தையும் வாசனையையும் தவிர வேறெதுவும் மாறாத பொருளைப் பற்றி.

நியூயார்க் நகரத்து நுகர்வோர் துறை 2015இல் ஏறத்தாழ 800 பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தது. பெண்களுக்கானவை சராசரியாக 7 சதவீதமும், ஷாம்பு, ரேசர் போன்றவற்றில் 13 சதவீதமும் விலை கூடுதலாக இருந்தன. கலிஃபோர்னியாவில் 2023 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது: செலவு, உழைப்பு, மூலப்பொருள் என்று காரணம் காட்டினால் விலை வேறுபடலாம்; வாங்குபவர் ஆணா பெண்ணா என்பது காரணமாகாது. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்த நாடு நம்முடையது. இன்றும் எங்கள் பக்கத்து வயல்களில் ஆண் ஆளுக்கு ஒரு கூலி, பெண் ஆளுக்குக் குறைவான கூலி. பெண் என்று கூலியில் குறைத்தார்கள். அதே பெண் என்று கடையில் கூட்டி வாங்குகிறோம். இதில் நானும் கூட்டாளி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சானிட்டரி நாப்கின் மீது 2017இல் போட்ட 12 சதவீத ஜி.எஸ்.டி. மறு ஆண்டே எடுக்கப்பட்டது. கேட்டதால் எடுத்தார்கள்.

உங்களிடம் அதிகாரம் இல்லாமலில்லை. நியாயமற்ற வணிக நடைமுறைகளைத் தடுக்க வழிகாட்டுநெறி வெளியிடும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஓட்டல் சேவைக் கட்டணத்துக்கு 2022இல் வெளியிட்டீர்கள். இணையக் கடைகள் ஆளை ஏமாற்றும் உத்திகளுக்கு 2023இல் வெளியிட்டீர்கள். இதற்கும் ஒன்று வெளியிடுங்கள். ஒரே நிறுவனம் ஒரே பொருளை ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என இரண்டு விலையில் விற்றால், காரணத்தை நிறுவனம்தான் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. ஒன்றுக்கு என்ன விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என 2021இல் விதி திருத்தப்பட்டது. நல்ல விதி. அந்த இளஞ்சிவப்புக் கவரிலும் அது இருக்கிறது, பின்பக்கம், மடிப்பின் ஓரத்தில், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துத் தேட வேண்டிய அளவில். மொத்த விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் முன்பக்கம் வரச் செய்யுங்கள். மீதிக் கணக்கைப் பெண்கள் போட்டுக்கொள்வார்கள். சுயஉதவிக் குழுவின் தவணை, வட்டி, பாக்கி எல்லாம் வாய்க்கணக்காகச் சொல்கிறவர்கள் அவர்கள்.

வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது தமிழிலும் வெளியிடுங்கள். படித்துப் பார்த்துப் பதில் எழுத இங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
மன்னார்குடிக் கடைக்காரி